நாடா வந்தது, அங்கி வரவில்லை

மார்ச் 10, திங்கள்
தையல் கிளை

அன்புள்ள கொழுந்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் நலம்தான் வெள்ளிக்கிழமையே ஆபீஸ் அறிக்கையாக வந்துவிட்டதே. கட்டிங் மாஸ்டர் எல்லார் முன்னாலும் வாசித்துக் காட்டினார். "லைன் நன்றாக இருக்கிறது. கிளையில் இருப்பவர்களுக்கு மெஷினை இயக்கத் தெரியவில்லை." கீழே உன் கையெழுத்து. நல்ல அழகான கையெழுத்து, தம்பி. அதைப் பாராட்டத்தான் இந்தக் கடிதம் என்று வைத்துக்கொள்.

போனில் சொல்லலாமே என்று நீ நினைப்பாய். போன் பண்ணினால் "மீட்டிங்ல இருக்கேன் அண்ணி" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. நம் வேன் டிரைவர் ஹாரன் தினமும் காலையில் துணிக்கட்டோடு இங்கே வந்து சாயங்காலம் தைத்ததை ஏற்றிக்கொண்டு அங்கே வருகிறார் அல்லவா, அவர் உன் மேஜையில் கொண்டுவந்து வைப்பார். நிறுத்தி வைத்த லாரியைப் பார்த்தே ஹாரன் அடிக்கிற மனுஷன். நீ பிரித்துப் படிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது விஷயம். நான் படித்தது ஐந்தாவது. அதிலும் பரீட்சைக்கு முன்னாலேயே நின்றுவிட்டேன். அதனால் எனக்குத் தெரிந்த மாதிரிதான் சொல்வேன். நீங்கள் அங்கிருந்து கம்ப்யூட்டரில் படம் அனுப்புகிறீர்கள். இங்கே படம் வரைகிற மெஷின் அதை நீளத் தாளில் கோடு கோடாக வரைகிறது. மாஸ்டர் அந்தத் தாளைத் துணி அடுக்கின்மேல் விரித்து வெட்டுகிறார். பன்னிரண்டு பேர் தைக்கிறார்கள். போன மாதம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. அந்தப் படம் வருவதற்கு நீ புது லைன் போட்டாய். அன்றைக்குப் பிடித்தது சனி.

ஆஸ்பத்திரி அங்கி ஆர்டர் வந்திருக்கிறது அல்லவா, அதில் நாடா படம் வருகிறது. முதுகில் கட்டுகிற நாடா. உடனே வருகிறது, பளிச்சென்று வரைகிறது. அங்கி படம் வரவில்லை. திரையில் ஒரு வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, எனக்குத் தலை சுற்றுகிற வரைக்கும் சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. மெஷினை இயக்கத் தெரியாதவர்களுக்கு நாடா மட்டும் எப்படி வருகிறது, சொல்.

மேனேஜர் தெளிவாகச் சொல்லிவிட்டார். மாதக் கடைசிக்குள் இங்கே அங்கி வெட்ட ஆரம்பிக்காவிட்டால் கிளையை மூடுகிறார்களாம். பன்னிரண்டு மெஷினையும் உங்கள் பக்கம் ஏற்றிக்கொண்டு போவார்களாம். மெஷின் வேனில் ஏறும். என் ஆட்கள் எதில் ஏறுவார்கள்? வீட்டை விட்டு அவ்வளவு தூரம் வரக்கூடியவர் அதில் இரண்டு பேர்கூட இல்லை.

படத்தை ஒரு பென் டிரைவில் போட்டு ஹாரனிடம் கொடுத்தால் என்ன? இவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு பெரிய லைன் எதற்கு?

உன் அண்ணன் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். வீட்டுக்கு எப்போது வரலாம் என்றும் கேட்டார். போன வருடம் குடி போனதில் இருந்து நாங்கள் கேட்கும்போதெல்லாம் "பெயிண்ட் அடிக்கிறோம்" என்கிறாய். இரண்டு ரூம் வீட்டுக்கு ஒரு வருடமாகப் பெயிண்டா? பிரஷ் இல்லாமல் விரலால் அடிக்கிறார்களா?

அன்புடன்,
அண்ணி


மார்ச் 11, செவ்வாய்
தலைமை அலுவலகம், நெட்வொர்க் பிரிவு

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. டிரைவர் நான் படித்து முடிக்கும்வரை உண்மையிலேயே நின்றார். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

அறிக்கையில் யாரையும் குறை சொல்லும் எண்ணம் இல்லை. தினமும் காலையில் இங்கிருந்து கிளைக்குச் சோதனைத் தகவல் அனுப்புகிறேன். ஒவ்வொன்றுக்கும் பதில் வருகிறது. ஒன்றுகூடத் தவறவில்லை. உங்கள் கிளையின் செய்திகளும் சரியாக வந்து போகின்றன. எந்தக் கருவியும் எனக்கு ஒரு புகாரும் அனுப்பவில்லை. இதை வைத்துத்தான் லைன் நன்றாக இருக்கிறது என்று எழுதினேன்.

பென் டிரைவ் முடியாது. ஆர்டர் கொடுத்தவர்களின் நிபந்தனை அது. அவர்கள் படம் ஒருமுறை வேறு கம்பெனி வழியாக வெளியே போய்விட்டதாம். தாளிலோ பென் டிரைவிலோ வெளியே எடுத்துப் போகக் கூடாது, பூட்டிய லைன் வழியாக மட்டும் போக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. புது லைன் போட்டதே அதற்காகத்தான்.

கம்ப்யூட்டரையும் வரையும் மெஷினையும் அணைத்துவிட்டு, சிறிது நேரம் கழித்துப் போட்டுப் பார்க்கவும்.

பெயிண்ட் வேலை இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. அண்ணனிடம் சொல்லவும். அவரும் என்னை மீட்டிங் நேரத்தில் கூப்பிடாமல் இருந்தால் நல்லது.

தங்கள்,
தம்பி


மார்ச் 12, புதன்
தையல் கிளை

அன்புள்ள தம்பிக்கு,

மதிப்பிற்குரிய அண்ணியாம். கடன் கேட்டு நான் எந்த பேங்க்குக்கு எழுதினேன் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.

அணைத்துப் போட்டோம். நீ சொன்னதற்கு முன்னால் நாங்களே ஒன்பது தடவை போட்டிருக்கிறோம். பத்தாவது தடவை உன் பேரைச் சொல்லிப் போட்டோம். நாடா வந்தது.

மாஸ்டர் ஒரு வேலை செய்தார். உங்கள் டிசைன் பிரிவில் சொல்லி, அங்கியில் உள்ள எல்லாத் துண்டுகளையும் தனித்தனியாக அனுப்பச் சொன்னார். கழுத்துப்பட்டி வந்தது. கைமடிப்பு வந்தது. உடம்பும் கையும் வரவில்லை. மாஸ்டர் தாளை மேஜைமேல் பரப்பி வைத்துவிட்டு, "சின்னதெல்லாம் வருது, பெருசெல்லாம் வரமாட்டேங்குது. வாசல் சின்னதா இருக்கும்" என்றார். நான், "அப்ப வாசல்ல இருக்கிற ஆள் சொல்லணும்ல, இது நுழையாதுன்னு" என்றேன். அவர் முறைத்தார். அவருக்கு என் பேச்சு எப்போதும் பிடிக்காது.

இன்று காலை மேனேஜர் வந்தார். பன்னிரண்டு மெஷினையும் சுற்றிப் பார்த்து ஒவ்வொன்றின் நம்பரையும் குறித்துக்கொண்டார். யாரும் தலை நிமிரவில்லை. கடைசி மெஷினில் இருக்கிறவள், காஜா அடிக்கிறவள், அவர் குனிந்து நம்பர் பார்க்கும்போது மிதியை விட்டுக் காலை எடுக்கவே இல்லை. அவர் கை வைக்க முடியாதபடி ஓட்டிக்கொண்டே இருந்தாள். எதைத் தைக்கிறாள் என்று பார்த்தால் வெறும் நூல். துணியே இல்லை. நானும் தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

நூற்றுக்கணக்கில் நாடா கட்டி வைத்திருக்கிறோம். ஆஸ்பத்திரியில் எல்லாரும் நாடாவை மட்டும் கட்டிக்கொண்டு படுத்திருப்பார்களா? அந்த ஆஸ்பத்திரிக்கு நான் வரமாட்டேன்.

கோபித்துக்கொள்ளாமல் ஒன்று சொல். படம் எப்படித்தான் போகிறது? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. புரிந்தால் நான் ஒன்றும் சரி பண்ணிவிடப் போவதில்லை. ஆனால் எதற்காகத் திட்டுகிறோம் என்று தெரிந்து திட்டினால் ஒரு திருப்தி.

அண்ணி


மார்ச் 13, வியாழன்
தலைமை அலுவலகம்

அண்ணிக்கு,

காஜா அடிக்கிறவரைப் பற்றிப் படித்தபிறகு வேறு வேலை ஓடவில்லை. மேனேஜர் குறித்த நம்பர்கள் என் அறிக்கையை வைத்து எடுத்தவை என்று எனக்குத் தெரியும்.

கேட்டதால் எழுதுகிறேன். ஒரு படம் முழுசாக ஒரே தடவையில் போகாது. சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறோம். அந்தப் பக்கம் எல்லாவற்றையும் பிரித்து வரிசையாக அடுக்கினால் படம். ஒரு பொட்டலம் அதிகபட்சம் ஆயிரத்து ஐந்நூறு எழுத்து கொள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாடா படம் மொத்தமே அதில் பாதிகூட வராது. அங்கியின் உடம்புக்கு நூற்றுக்கணக்கான பொட்டலம் வேண்டும், எல்லாமே விளிம்புவரை நிரம்பியவை.

புது லைனில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மேலே இன்னொரு உறை போட்டுப் பூட்டுகிறோம். அந்த உறைக்கும் இடம் வேண்டும். அதனால் உள்ளே இருக்கிற பொட்டலம் கொஞ்சம் சின்னதாக இருந்தால்தான் போகும்.

பொட்டலம் பெரிதாக இருந்தால் வழியில் இருக்கும் பெட்டி இரண்டில் ஒன்று செய்யும். உடைத்துத் துண்டு துண்டாக அனுப்பும். அல்லது பொட்டலத்தின்மேல் "உடைக்காதே" என்று குறி இருந்தால், அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அனுப்பியவருக்கு ஒரு சீட்டு அனுப்பும்: "இது பெரிது, இந்த அளவுக்குள் கட்டி அனுப்பு." அனுப்பியவர் அடுத்த பொட்டலத்தில் இருந்து குறைத்துக் கட்டுவார். வழி எவ்வளவு அகலம் என்று முன்கூட்டியே யாரும் சொல்ல வேண்டியதில்லை. இடித்துப் பார்த்து, சீட்டைப் படித்து, இயந்திரங்களே கண்டுபிடித்துக்கொள்ளும்.

நம் பொட்டலங்களில் அந்தக் குறி இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு சீட்டுகூட வரவில்லை. அதனால்தான் அளவில் கோளாறு இல்லை என்று முடிவு செய்தேன். இப்போது நீங்கள் சொல்லும் கழுத்துப்பட்டி, கைமடிப்பு கணக்கு என்னைக் குழப்புகிறது. இன்று அந்தக் குறியை எடுத்துவிடுகிறேன். உடைத்தாவது போகட்டும். நாளை மதியம் அங்கி படத்தைக் கேட்டுப் பாருங்கள்.

தம்பி


மார்ச் 14, வெள்ளி
தையல் கிளை

அன்புள்ள தம்பி,

முதலில் நல்ல செய்தி. மதியம் மெஷின் அங்கியை வரைய ஆரம்பித்தது. எல்லாரும் தையலை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றோம். பிரசவ வார்டு வாசல் மாதிரி இருந்தது. கழுத்து வந்தது. இடது தோள் வந்தது. ஒருத்தி கைகூடத் தட்டிவிட்டாள்.

பிறகு நின்றுவிட்டது. சாயங்காலம்வரை காத்திருந்தோம். கொஞ்சம் அசையும், நிற்கும். கடைசியில் வந்தது ஒரு தோளும் அரைக் கையும். மாஸ்டர் அதைக் கையில் தூக்கிப் பிடித்து, "ஒத்தைத் தோள் பேஷண்ட் யாராவது இருக்காங்களான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார். இவ்வளவு நாள் கழித்து அவர் ஒரு ஜோக் சொல்லியிருக்கிறார். அதற்கு நீதான் காரணம், நன்றி.

உடைத்து அனுப்பினால் இப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தோன்றியது. போன வருடம் உன் அம்மாவின் தேக்கு அலமாரியை உன் வீட்டுக்கு அனுப்பினோமே, அப்போது ஹாரன் என்ன சொன்னார் தெரியுமா? "கழட்டி அனுப்பலாம்க்கா, ஏத்த ஈஸி" என்றார். நான் கழற்ற விடவில்லை. பிரித்தால் ஏதாவது ஒன்று எங்காவது போகும், ஒன்று போனால் மிச்சமெல்லாம் விறகு என்று சொல்லி முழுசாக ஏற்ற வைத்தேன். உன் அண்ணனுக்கு அதை அனுப்பவே இஷ்டம் இல்லை. அம்மா நினைவாக இங்கேயே இருக்கட்டும் என்றார். தம்பி வீட்டில்தான் பாதுகாப்பாக இருக்கும் என்று நான்தான் சண்டை போட்டு அனுப்பினேன். இன்றைக்கும் சாப்பிடும்போது, "நல்லா நிக்குதாமா?" என்று கேட்பார். "ஜம்முன்னு நிக்குது" என்பேன். ஒருநாளும் பார்த்ததில்லை, ஆனாலும் சொல்வேன்.

நன்றாக நிற்கிறது அல்லவா? கதவு லேசாக இழுக்கும், சாவியைத் தூக்கித் திருப்பணும். உன் வீட்டுக்காரியிடம் சொல்.

மாதம் பாதி போய்விட்டது. மெஷின் நம்பர் குறித்த தாள் மேனேஜரின் சட்டைப்பையிலேயே இருக்கிறது.

அண்ணி


மார்ச் 18, செவ்வாய்
தலைமை அலுவலகம்

அண்ணிக்கு,

நேற்று பதில் எழுத முடியவில்லை. டிரைவர் இரண்டு தடவை வந்து நின்றுவிட்டுப் போனார்.

நீங்கள் சொன்னது சரிதான், துண்டுகளைப் பற்றிச் சொன்னது. ஒரு பொட்டலத்தை உடைத்தால், எந்தக் கதவுக்குப் போக வேண்டும் என்ற விவரம் முதல் துண்டில் மட்டும்தான் இருக்கும். மற்றவை பேர் இல்லாமல் வரும். வழியில் சில பெட்டிகள் பேர் இல்லாத துண்டுகளை நம்புவதில்லை, நெரிசல் வந்தால் முதலில் அவற்றைத்தான் உதறும். ஒரு துண்டு வராவிட்டால் வந்த மற்ற துண்டுகள் சிறிது நேரம் காத்திருந்துவிட்டுக் குப்பைக்குப் போகும். முழுப் பொட்டலத்தையும் மறுபடி அனுப்ப வேண்டும். அதிலும் ஒன்று தொலையும். அதனால் குறியை மறுபடி போட்டுவிட்டேன்.

இப்போது ஒரு சோதனை செய்ய வேண்டும். இன்னொரு தாளில் இரண்டு வரி எழுதியிருக்கிறேன். மாஸ்டரை விட்டு அப்படியே தட்டச் சொல்லுங்கள். முதல் வரி, உங்கள் பக்கத்தில் இருந்து பெரிய பொட்டலம், "உடைக்காதே" குறியோடு. இரண்டாம் வரி, கொஞ்சம் சின்னது. திரையில் என்ன வருகிறது என்று ஒரு எழுத்து விடாமல் எழுதுங்கள். ஒன்றும் வராவிட்டால் ஒன்றும் வரவில்லை என்று எழுதுங்கள்.

அலமாரி பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

தம்பி


மார்ச் 19, புதன்
தையல் கிளை

அன்புள்ள தம்பி,

உன் இரண்டு வரியை மாஸ்டர் மூன்று தடவை தப்பாக அடித்தார். நடுவில் ஒரு இடைவெளி விட வேண்டுமாம், அதை விடவில்லை. நான் பின்னால் நின்று சொல்லச் சொல்ல அவருக்குக் காது சிவந்தது. நான்காவது தடவை சரியாக விழுந்தது.

பெரியது அடித்த உடனே பதில் வந்துவிட்டது. காத்திருக்கவே இல்லை. இங்கிலீஷில் நான்கு வரி, நான்கும் ஒரே மாதிரி. எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன், கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள். மாஸ்டர் அர்த்தம் சொன்னார்: "உடைக்கணுமாம். ஆனா உடைக்கக் கூடாதுன்னு நீங்களே சொல்லிருக்கீங்களாம்." நான், "நான் எப்ப சொன்னேன்?" என்றேன். "நீங்க இல்லக்கா, நாம" என்றார். அந்தப் பெட்டியிடம் எனக்கு மரியாதையே வந்துவிட்டது. நம் தலையில் ஒன்றும் கட்டாமல், முடியாது, இதனால் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறது. வீட்டில் அப்படி ஒரு ஆள் வேண்டும்.

சின்னது அடித்தோம். போய்ச் சேர்ந்து திரும்பி வந்துவிட்டது. அதையும் அந்தத் தாளில் எழுதியிருக்கிறேன்.

இங்கே இவ்வளவு ஒழுங்காகப் பேசுகிறதே, உன் பக்கம் மட்டும் ஏன் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறது? ஊமையா? இல்லை, உன்னைப் பார்த்தால் அதற்கும் பயமா?

அலமாரி பற்றிப் பிறகு எழுதுகிறேன் என்று எழுதியிருந்தாய். ஒரே வரி. அதற்கு மேலே ஒரு பக்கம் முழுக்க லைனைப் பற்றி. தம்பி, எனக்கு லைன் புரியாது. அந்த ஒரு வரி புரிந்தது. என்ன ஆயிற்று?

அண்ணி


மார்ச் 20, வியாழன்
தலைமை அலுவலகம்

அன்புள்ள அண்ணிக்கு,

கண்டுபிடித்துவிட்டேன். ஊமை பெட்டி இல்லை. நான்தான் வாயைக் கட்டியிருக்கிறேன்.

நீங்கள் செய்த அதே சோதனையை என் பக்கத்தில் இருந்து செய்தேன். சின்னதுக்குப் பதில் வந்தது. பெரியதுக்குப் பதிலும் இல்லை, சீட்டும் இல்லை. ஒரே மாதிரிப் பெட்டி இரண்டு பக்கமும் இருக்கிறது. உங்களிடம் பேசுவது என்னிடம் மட்டும் பேசாமல் இருக்காது. அதனால் எங்கள் ஆபீஸ் வாசலில் காவலுக்கு வைத்திருக்கும் கருவியைத் திறந்து, தினமும் எதையெல்லாம் வெளியே தள்ளுகிறது என்று பார்த்தேன். சீட்டுகள். ஆயிரக்கணக்கில். "பெரிது, ஆயிரத்து நானூறுக்குள் அனுப்பு." "பெரிது, ஆயிரத்து நானூறுக்குள் அனுப்பு." புது லைன் போட்ட நாளில் இருந்து அந்தப் பெட்டி கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. வாசலிலேயே ஒவ்வொன்றையும் கிழித்துப் போட்டிருக்கிறோம்.

கிழிக்கச் சொன்னது நான். போன வருடம் வெளியில் இருந்து வேண்டாத சீட்டுகள் நிறைய வந்து என் திரை முழுக்க சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். என் சோதனைக்கு வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, மிச்சம் எல்லாவற்றையும் திரையில் ஒரே ஒரு டிக் போட்டு அடைத்துவிட்டேன். திரை அமைதியானது. அமைதியாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த அமைதியைப் பார்த்துத்தான் உங்கள் பன்னிரண்டு பேர்மேலும் அறிக்கை எழுதினேன்.

இப்போது அந்த வகைச் சீட்டை மட்டும் உள்ளே விடுகிறேன். இதோடு நிற்காமல், படம் அனுப்பும் கம்ப்யூட்டரும் உங்கள் கம்ப்யூட்டரும் பேச ஆரம்பிக்கும்போதே சின்னப் பொட்டலமாகக் கட்டச் சொல்லி லைன் பெட்டியிலும் எழுதிவிட்டேன். நாளை காலை அங்கி படத்தைக் கேளுங்கள்.

மேனேஜரிடம் நேரில் போய்ச் சொன்னேன். தவறு கிளையில் இல்லை, என் டிக்கில் என்று. அவர் நிறையப் பேசினார். எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு இந்த வருடம் வராது. பழைய அறிக்கையை வாங்கிக்கொண்டு புதிதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதையும் மாஸ்டரை விட்டு எல்லார் முன்னாலும் வாசிக்கச் சொல்லுங்கள்.

அலமாரி. ஒரே மூச்சில் எழுதிவிடுகிறேன். எங்கள் மாடிப்படி மூன்றாம் மாடிக்குத் திரும்பும் இடத்தில் குறுகல். அலமாரி திரும்பவில்லை. உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அண்ணன் காதில் விழுமே என்று, மறுபடி கீழே வேனுக்கே இறக்கிக்கொண்டு வந்து, அதிலேயே வைத்துக் கழற்றிவிட்டேன். மேலே கொண்டுபோய்ச் சேர்த்துப் பார்த்தால் ஒரு பக்கப் பலகை இல்லை. படியெல்லாம் தேடினேன். கிடைக்கவில்லை. பக்கப் பலகை இல்லாமல் கதவும் நிற்காது, தட்டும் நிற்காது. ஒரு வருடமாகச் சுவரில் சாய்த்துப் போர்வை போட்டு மூடி வைத்திருக்கிறேன். நீங்கள் வந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பீர்கள். அதனால்தான் பெயிண்ட். அதனால்தான் மீட்டிங்கும்.

தம்பி


மார்ச் 22, சனி
தையல் கிளை

அன்புள்ள தம்பி,

அங்கி வந்தது. இரண்டு தோள், இரண்டு கை, முன்பக்கம், முதுகு எல்லாம். நிற்காமல் ஒரே ஓட்டமாக வரைந்து முடித்தது. மாஸ்டர் தாளைத் தொட்டுப் பார்த்தார், ஈரம் காயாத மை விரலில் ஒட்டியதுகூடத் தெரியாமல் மூக்கைத் தடவிக்கொண்டார். மதியம்வரை யாரும் அவரிடம் சொல்லவில்லை. நேற்றே முதல் அடுக்கு வெட்டியாகிவிட்டது. காஜா அடிக்கிறவளுக்கு இப்போது தைக்கத் துணி இருக்கிறது. மேனேஜர் சட்டைப்பையில் இருந்த தாளைக் கேட்டு வாங்கி, நாடாக் கட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். புது அறிக்கையை வாசித்தார்கள். ஒருத்தி மட்டும், "கையெழுத்து நல்லா இருக்கு" என்றாள். அந்தப் பெருமையில் பதவி உயர்வை மறந்துவிடு.

உன் அண்ணனிடம் அலமாரியைப் பற்றிச் சொன்னேன். நான் சொல்ல மாட்டேன் என்று நீ நினைத்திருந்தால், கிழிப்பதற்கு நான் உன் வாசல் கருவி இல்லை. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "ஆணி இருக்காமா?" என்று கேட்டார். அவ்வளவுதான். இதற்குத்தான் ஒரு வருடம் பயந்தாய்.

இன்னும் கேள். நேற்று சாயங்காலம், தைத்து முடித்த முதல் அங்கிக் கட்டை ஏற்ற நானே வேனுக்குள் ஏறினேன். கட்டு சரியாமல் இருக்கிறதா என்று பார்க்க உள்ளே உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடம் ஒரு பலகை. இரண்டு பழைய டயருக்குக் குறுக்கே போட்டு, மேலே சாக்கு விரித்து, பெஞ்சு மாதிரி. சாக்கு விலகியது. பலகையில் கருகிய அடையாளம், அயர்ன் பாக்ஸ் வடிவத்தில். அதை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். கல்யாணமான புதிதில் அயர்ன் பாக்ஸை உன் அம்மாவின் அலமாரிப் பக்கத்தில் சாய்த்து வைத்தவள் நான். பூனை தட்டிவிட்டது என்று நீயும் நானும் சேர்ந்து உன் அம்மாவிடம் சொன்னோம். நம் வீட்டில் பூனை இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

ஹாரனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இதாக்கா? அன்னைக்கு உங்க கொழுந்தன் வீட்ல எல்லாத்தையும் எறக்குனப்போ வண்டிலயே தங்கிருச்சு. மறுநாள் பாத்தேன். யாரும் கேக்கல, நானும் சொல்லல. உக்கார நல்லா இருந்துச்சு" என்றார். ஒரு வருடமாக, தினமும், உன் ஆபீஸ் வாசலுக்கும் என் கிளை வாசலுக்கும் நடுவில் அந்தப் பலகை போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்திருக்கிறது. இந்தக் கடிதங்களே அதன்மேல் உட்கார்ந்துதான் வந்திருக்கின்றன.

திங்கட்கிழமை பலகை உன் வாசலில் இறங்கும். ஹாரன் இனி சாக்கில் உட்காருவார், முகம் சுளிப்பார், பொருட்படுத்தாதே. பொருத்திப் பார். பொருந்தினால் சந்தோஷம். பொருந்தாவிட்டால் போர்வை போடாதே. பொருந்தவில்லை என்று எழுது.

அண்ணி


மார்ச் 24, திங்கள்
வீடு

அன்புள்ள அண்ணிக்கு, அண்ணனுக்கும்,

பலகை வந்தது. பொருந்தவில்லை.

டிரைவர் ஒரு வருடம் உட்கார்ந்ததில் நடுவில் வளைந்துவிட்டது. மேலே பள்ளத்தில் இறங்குகிறது, கீழே ஒரு விரல் அளவு விலகி நிற்கிறது. நானும் என் மனைவியும் அழுத்திப் பார்த்தோம். இன்னும் அழுத்தினால் பிளந்துவிடும் போல இருந்தது, விட்டுவிட்டோம். கதவு ஒன்று நிற்கிறது. இன்னொன்று சாய்கிறது. ஆணி நான்கு இருக்கிறது, ஆறு வேண்டும். அண்ணன் வரும்போது இரண்டு கொண்டுவரச் சொல்லுங்கள். ரம்பமோ இழைப்புளியோ இருந்தால் அதுவும்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள். மாடிப்படி மூன்றாவது வளைவில் குறுகல், அண்ணனைப் பார்த்து ஏறச் சொல்லுங்கள். கூடத்துக்குள் நுழைந்ததும் வலது பக்கம் அலமாரி தெரியும். போர்வையை எடுத்துவிட்டேன்.

சுவரில் கை படாமல் ஒதுங்கி வர வேண்டாம். பெயிண்ட் அடிக்கவே இல்லை.

உங்கள்,
தம்பி